கூலியும் கிருபையும்

காலை முதல் மாலை வரை வெயிலில் உழைத்தவருக்கும், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவருக்கும் ஒரே சம்பளம் கொடுத்தால், "இது என்ன நியாயம்?" என்று கேட்க மாட்டோமா? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இயேசுநாதர் சொன்ன ஒரு கதையிலும் இதே கேள்வி எழுகிறது. மத்தேயு சுவிசேஷம் 20ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில், நாளுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களை அழைத்து வந்தார். அது அந்நாளில் ஒருவரின் ஒருநாள் கூலி. பிறகு ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் மேலும் ஆட்களைச் சேர்த்தார். ஐந்து மணிக்கும் சிலர் சந்தைவெளியில் நின்றார்கள். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்றார்கள். அவர்களையும் அனுப்பினார். பொழுது சாய்ந்ததும், கடைசியாக வந்தவர் தொடங்கி எல்லாருக்கும் ஒரே ஒரு தெனாரியம்! முதலில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது என்ன? முதலில் வந்தவர்களின் கூலியில் ஒரு காசுகூடக் குறையவில்லை. பேசிய கூலி பேசியபடி, அன்று மாலையே கைக்கு வந்தது. அன்றாடக் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். அந்தக் கடமையை முடித்த பிறகுதான், தோட்டக்காரர் தம் சொந்தப் பணத்தில் இரக்கம் காட்டுகிறார். ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டில் ஒரு பங்குக் கூலியால் அவர்கள் வயிறு நிறையாது.

இந்த இரக்கத்தைத்தான் கிறிஸ்தவர்கள் கிருபை என்கிறார்கள். அருள் என்றும் சொல்வார்கள். கிருபை நியாயத்தைக் குறைப்பதில்லை, நியாயத்துக்கு மேலே கொடுக்கிறது. ஆகவே, "கிடைத்ததைக் கொண்டு திருப்திப்படு" என்று சொல்லி உழைப்பவரின் கூலியைப் பிடிக்கும் எவரும் இந்தக் கதையைத் துணைக்கு அழைக்க முடியாது.

இந்தக் கருத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூருக்கு வாருங்கள். சிராங்கூன் சாலைக்குச் சற்றுத் தள்ளி, ஓபீர் சாலையில் லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டு 1888இல் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஆலயத்தில் பல தலைமுறையாக வழிபடும் குடும்பத்தாரும் இருப்பார்கள். போன மாதம் ஊரிலிருந்து வேலைக்கு வந்திறங்கிய இளைஞரும் இருக்கலாம். நற்கருணை கொடுக்கும்போது பழையவருக்குப் பெரிய அப்பம், புதியவருக்குச் சிறிய அப்பம் என்று பிரிப்பதில்லை. நேற்று ஞானஸ்நானம் பெற்றவருக்கும் அதே அப்பம்தான்.

நேயர்களே, வீட்டில் சோறு போடும் தாய், சம்பாதிக்கும் மகனுக்கு ஓர் அளவு, நோயாளி மகளுக்கு ஓர் அளவு என்று கணக்குப் பார்ப்பாளா? கடவுளின் கணக்கும் அப்படித்தான் என்கிறது கிறிஸ்தவ நம்பிக்கை. நாம் எந்தச் சமயத்தவரானாலும் இதில் ஒரு பாடம் உண்டு. நமக்குரிய கூலியை உரிமையோடு கேட்போம். நமக்குப் பின்னால் வந்தவருக்கும் வயிறு நிறைந்தால் மகிழ்வோம்.