மேற்கோளும் பெயரும்

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டப் பள்ளியொன்றில் பணிபுரியும் தமிழாசிரியை ஒருவர், தம் தோட்டத்தின் வரலாற்றை ஆய்விதழொன்றுக்குக் கட்டுரையாக எழுதுகின்றார் எனக் கொள்வோம். செய்திக்குப் பஞ்சமில்லை. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் அம் மலைப்பகுதிக்குச் சென்று குறித்து வந்தது, ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கியது, தமிழ்த் தொழிலாளர் அங்குக் கொழுந்தெடுத்துக் குடும்பம் நடத்தியது ஆகிய யாவும் எழுதியாயிற்று. மேற்கோள் குறிப்புக்களும் துணைநூற் பட்டியலும் மட்டும் எஞ்சியுள்ளன. இதனைக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இடும் எழுத்தர் வேலை என்றே நம்மிற் பலரும் எண்ணுகின்றோம். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

மேற்கோள் காட்டுதல் தமிழுக்குப் புதிதன்று. ‘என்ப’ என்றும் ‘என்மனார்’ என்றும் முன்னோர் கூற்றை முன்னோர்க்கே உரிமையாக்கிச் சுட்டும் வழக்கம் தொல்காப்பியத்திலேயே உண்டு. ஆனால் அம் முன்னோர் யாவர், எந்நூலிற் கூறினர் என்பது அச் சொற்களால் விளங்காது. கற்றோர் கூட்டம் சிறிதாயிருந்து, நூல்கள் மனப்பாடமாயிருந்த வரையில் அதனாற் குறையொன்றும் நேரவில்லை. அந்நிலை மாறிய பின்னர் விளைந்த இடர்ப்பாட்டை டாக்டர் உ. வே. சாமிநாதையர் நன்கு அறிவார். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிடுமுன், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எவ்வெந் நூல்களைச் சார்ந்தவை என அறியாது தாம் பட்ட துன்பத்தை ‘என் சரித்திர’த்தில் அவர் எழுதியுள்ளார். உரையாசிரியர் நூற்பெயர் கூறாமற் சென்ற இடங்கள் பல. திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளிற் பத்துப்பாட்டைக் கண்ட பின்னரே அவற்றுட் சில இன்னவை எனப் புலப்பட்டன. பிற்காலத்தில் ஐயர் தம் பதிப்புக்களில் மேற்கோள் நூல்களைத் தொகுத்துக் காட்டியதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டுவதில்லை.

இன்று ஆய்விதழ்கள் வேண்டும் முறைகள் பல. சிக்காகோப் பல்கலைக்கழகக் கையேடு 1906-இல் வெளிவந்தது. அடிக்குறிப்பு முறைக்கு அது பெயர்பெற்றது. அமெரிக்க உளவியற் கழகத்தார் முறையோ 1929-இல் ஏழு பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. போ தோட்டத்துக்கும் அதற்கும் வயது ஒன்றே! கட்டுரைக்குள்ளேயே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடுவது இம் முறை. எது வேண்டும் என்பதை இதழாசிரியர் கூறிவிடுவார். அதில் நமக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் பெயரிலேதான்.

இம் முறைகள் ஐரோப்பியரின் குடும்பப் பெயரை அடிப்படையாகக் கொண்டவை. பெயரின் இறுதிச் சொல்லை முன்னே கொணர்ந்து, காற்புள்ளியிட்டு, ஏனையவற்றை முதலெழுத்தாகச் சுருக்குவது பொதுவிதி. நமக்கோ குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. ஆயினும் நம்முடைய தலைப்பெழுத்து வழக்கம் இவ் விதிக்கு எதிர்பாராத வகையிற் பொருந்துகின்றது. நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனை எடுத்துக்கொள்க. ‘சீ’ என்பது அவர் பிறந்த சீர்காழி. ‘இரா’ என்பது தந்தையார் இராமாமிர்தம். ‘அரங்கநாதன், சீ. இரா.’ என மாற்றினும் உரியவர் பெயரே முன் நிற்கும். மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி 1970-இல் நூல் வெளியிட்ட சின்னப்பா அரசரத்தினம் அவர்களுக்கும் இவ்வாறே.

மலேசிய அடையாள அட்டையிற் பெயர் நிற்கும் முறை இதற்கு நேர்மாறானது. தம் பெயர் முதலிலும், ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்பது இடையிலும், தந்தை பெயர் கடையிலும் வரும். மலாய் மொழியில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்பவற்றின் சுருக்கங்கள் அவை. மகன், மகள் என்பது பொருள். நம் ஆசிரியையின் பெயர் ‘மீனாட்சி ஏ/பி முத்து’ என்றிருப்பின், பொதுவிதியைக் கண்மூடிப் பின்பற்றுவோர் அவரை ‘முத்து, மீ.’ ஆக்கிவிடுவர். எழுதியவர் மகள், பட்டியலில் ஏறியவர் தந்தை. தங்கை மீனாவும் ஆய்வு செய்பவராயின் அவரும் ‘முத்து, மீ.’ ஆவார், உடன்பிறந்தார் இருவர் ஒருவராகிவிடுவர். ‘ஏ/பி’யையும் பெயரின் பகுதியாகக் கருதி ‘முத்து, மீ. ஏ. பி.’ என எழுதினால் மூன்றாமவர் ஒருவர் பிறந்துவிடுவார்!

இதற்கு வழி எளிது. சொந்தப் பெயரை முன்வைத்து, காற்புள்ளியின்றி, ‘மீனாட்சி முத்து’ என முழுமையாக எழுதி, மகர வரிசையில் நிறுத்துக. மலாய்க்காரர் பெயர்களை மலேசிய நூலகங்கள் சொந்தப் பெயரின்கீழ்த்தான் வைக்கின்றன. அவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா? கட்டுரையோடு அனுப்பும் கடிதத்தில் இதனை இரண்டு வரியிற் கூறிவிட்டால் இதழாசிரியர் மறுக்கக் காரணமில்லை. சிக்காகோக் கையேடே நாட்டுக்கு நாடு பெயர்வழக்கு வேறுபடும் என்பதைத் தனியே எடுத்துரைக்கின்றது. மற்றொன்று: தம் பெயரை எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுதல் வேண்டும். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடைபெற முன்னின்ற தனிநாயக அடிகளாரின் பெயர் ஆங்கிலத்தில் ஓரிடத்தில் ஒரு சொல்லாகவும் வேறிடத்தில் இரு சொல்லாகவும் நிற்கின்றது. அவர் நூல்களைத் தேடுவோர் இரண்டு இடத்தில் தேட நேர்கின்றது.

ஆண்டிலும் ஓர் இடறல் உண்டு. பழைய தமிழ் வெளியீடுகளில் ‘சுக்கில ஆண்டு’ என்று மட்டும் இருக்கக் காணலாம். அது 1929 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1930 ஏப்ரலில் முடிவது. மாசி மாதத்து வெளியீடாயின் 1930 என்றே எழுத வேண்டும். அறுபது ஆண்டுச் சுற்றாதலின் 1869-உம் சுக்கிலமே என்பதையும் மறத்தலாகாது. மொழிபெயர்ப்பாயின் இரண்டு ஆண்டும் தேவை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி பி. எச். டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என 2007-இல் தமிழாக்கினார். பின்னதை மட்டும் குறித்தால், அந் நூல் நாற்பதாண்டு இளையதாகத் தோன்றும். செய்தித்தாளுக்கு நாளும் பக்கமும் இன்றியமையாதன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோயிற்று. அதன் பழைய இதழை எந்த நூலகத்திற் கண்டோம் என்பதையும் உடன் எழுதுதல் படிப்பவர்க்கு உதவியாகும்.

இனி, தோட்ட வரலாற்றின் பெரும்பகுதி அச்சேறாதது. கிராணி எழுதிய செக்ரோல் ஒருபுறமிருக்க, கையாற் கொழுந்து கிள்ளிய காலத்தை நேரிற் கண்ட மூதாட்டியர் கூறுவதே பல இடங்களில் நமக்குள்ள சான்று. அமெரிக்க உளவியற் கழக முறையில், பதிவின்றி நேரிற் கேட்ட பேச்சுக்குக் கட்டுரையினுள் இடமுண்டு. இறுதிப் பட்டியலில் இல்லை. பின்வருவோர் தேடிப் பெற இயலாதது என்பது காரணம். காரணம் சரியே. ஆனால் விளைவு என்ன? துரைமார் எழுதிய அறிக்கை பட்டியலில் நிற்கும். கூடை சுமந்தவர் சொன்னது நில்லாது. எனவே பேச்சை ஒலிப்பதிவு செய்து, நாள், இடம், கேட்டவர் பெயர் ஆகியவற்றை எழுதி, எண்ணிட்டு, ஒரு நூலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும். அதன்பின் அது ஆவணம். பட்டியலில் அதற்கும் இடமுண்டு. பெயரை வெளியிடலாமா என்று அம் மூதாட்டியை முதலிற் கேட்டுக்கொள்க. அவர் இசைந்தால், தந்தை பெயரின்கீழ் அன்று, அவர் பெயரின்கீழேயே எழுதுக.