துணி நிற்க, ஊசி ஓடும்

அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் ஒரு கேள்விக்கு வந்து சேரும்: லாங்ஆர்ம் வாங்கலாமா, வேண்டாமா? ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும் அந்த மெஷினின் விலை சில ஆயிரம் டாலரில் தொடங்கும். கம்ப்யூட்டர் பூட்டிய பெரிய வகை என்றால் 30,000, 40,000 டாலர் வரை போகும். ஒரு தையல் மெஷினுக்கு ஏன் இவ்வளவு விலை? அதற்குள் அப்படி என்ன நடக்கிறது? இதைத் தெரிந்துகொண்டால் வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை எடுப்பதும் பாதி எளிதாகிவிடும்.

முதலில் குவில்ட். துண்டுத் துணிகளை ஒட்டுத் தைத்து உருவாக்கிய மேல்பகுதி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி என்று மொத்தம் மூன்று அடுக்கு. மூன்றையும் ஊடுருவித் தையல் ஓடினால்தான் அது குவில்ட். வங்காளத்தின் காந்தாவும் வடநாட்டு ரஜாயும் இதற்கு நெருங்கிய சொந்தம். அந்தத் தையல் கண்ணுக்கு அழகு என்பது இருக்கட்டும். அது இல்லாவிட்டால் சில சலவைகளிலேயே பஞ்சு நகர்ந்து மூலையில் திரண்டுவிடும். இரண்டு தையல் வரிசைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பஞ்சு விரிப்பின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். சிலவற்றுக்கு 3, 4 அங்குலம்தான். இழைகளை இறுகக் குத்திப் பின்னிய வகைகளுக்கு 8, 10 அங்குலம் வரை விடலாம்.

பெரிய கட்டிலுக்கான குவில்ட் 90 அங்குல அகலம், 100 அங்குல நீளம் என்று வைத்துக்கொள்வோம். 2 அங்குலத்துக்கு ஒரு நேர்கோடு தைத்தாலே 45 கோடுகள், 4,500 அங்குலம். அதாவது 114 மீட்டருக்கு மேல். அங்குலத்துக்கு 10 தையல் என்றால் 45,000 தையல்கள். கொடியும் இலையுமாக வளைத்துத் தைத்தால் இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

வீட்டுத் தையல் மெஷினில் இதைச் செய்ய முடியாது என்றில்லை. பல்லாயிரம் பேர் செய்கிறார்கள். ஆனால் அந்த மெஷினில் ஊசிக்கும் வலப்புறத் தூணுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் 6 முதல் 11 அங்குலம் மட்டுமே. 90 அங்குலத் துணியைச் சுருட்டி அந்தச் சந்துக்குள் திணித்துத் திருப்ப வேண்டும். அதற்கும் முன்னால் மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, மண்டியிட்டு, நூற்றுக்கணக்கான பின்களைக் குத்தி அசையாமல் நிறுத்த வேண்டும். முழங்காலும் தோளும்தான் இதற்கு விலை கொடுக்கும்.

லாங்ஆர்ம் இந்த ஏற்பாட்டையே தலைகீழாக்கியது. துணியை நகர்த்துவதற்குப் பதில் மெஷினை நகர்த்து என்பதுதான் அதன் அடிப்படை. 10, 12 அடி நீளச் சட்டத்தில் உருளைகள் இருக்கின்றன. அடித்துணியும் மேல்பகுதியும் தனித்தனி உருளைகளில் ஏற, பஞ்சு நடுவே படுத்துக்கொள்கிறது. மூன்று அடுக்கையும் பின் குத்தி நிறுத்தும் வேலையே இல்லை. மெஷினின் தலை சக்கரங்கள் மேல் நிற்கிறது. தைப்பவர் இரண்டு கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு அதை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓட்டுகிறார். துணி பரப்பிய தாள் என்றால், பல கிலோ எடையுள்ள அந்தத் தலைதான் பேனா. மிசௌரி மாநிலத்தின் வெஸ்ட் பிளெயின்ஸில் கென் காமில் 1980-களின் தொடக்கத்தில் இத்தகைய மெஷின்களைச் செய்து விற்கத் தொடங்கினார். இன்று அயோவா, யூட்டா மாநிலங்களிலும் சுவிட்சர்லாந்திலும் இவற்றைச் செய்யும் நிறுவனங்கள் இருக்கின்றன.

எலியாஸ் ஹோவ் 1846-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற லாக் ஸ்டிச்தான் இதிலும் விழுகிறது. மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் தையல் அது. அந்தப் பிடிப்பு நிகழும் கணத்தை நெருங்கிப் பார்ப்போம். ஊசி அடிமட்டம் வரை இறங்கி, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் மேலேறுகிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் நீண்ட பள்ளம் உண்டு. அதில் படுத்திருக்கும் நூல் ஊசியோடு சேர்ந்து வழுக்கி ஏறிவிடும். மறுபக்கத்து நூலைத் துணி உராய்ந்து பிடித்துக்கொள்கிறது. மேலே ஏற முடியாத அந்த நூல் பக்கவாட்டில் புடைத்துச் சின்னக் கண்ணியாகிறது. சரியாக அந்த நேரத்தில், சுழலும் கொக்கியின் முனை கண்ணிக்குள் நுழைந்து அதை விரித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. பிறகு மேலேயுள்ள நெம்புகோல் நூலை இழுத்து முடிச்சை இறுக்குகிறது. ஒரு தையலுக்குக் கொக்கி இரண்டு முறை சுழலும். நிமிடத்துக்கு 2,400 தையல் என்றால் கொக்கிக்கு வினாடிக்கு 80 சுற்று.

கொக்கியின் முனைக்கும் ஊசிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு காகிதத் தாளின் தடிமன் அளவுதான், சுமார் 0.1 மில்லிமீட்டர். கூடினால் கொக்கி கண்ணியைத் தவறவிடும், தையல் தாண்டும். குறைந்தால் ஊசியில் உரசி நூலை அறுக்கும், சமயத்தில் ஊசியையே முறிக்கும்.

வீட்டு மெஷினில் துணியை நகர்த்தும் பற்கள், ஊசி துணியைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அசையும். லாங்ஆர்மில் அந்த ஒழுங்கு கிடையாது. ஊசி துணிக்குள் குத்தி நிற்கும்போதும் தலை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அங்குலத்துக்கு 10 தையல் என்றால் ஒரு தையலின் நீளம் 2.54 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஊசி உள்ளே இருந்தால்கூட, அதற்குள் தலை 0.8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். துணி கொஞ்சம் இழுபடும், ஊசி கொஞ்சம் வளையும். காக்க வேண்டிய இடைவெளியோ 0.1 மில்லிமீட்டர்! ஒரு திசையில் ஓட்டினால் ஒழுங்காக விழும் தையல் இன்னொரு திசையில் தாண்டுவதற்கும் நூல் அறுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். அதனால்தான் லாங்ஆர்முக்குத் தடித்த ஊசி. வீட்டில் 0.8 மில்லிமீட்டர் ஊசி போடும் இடத்தில் இதற்கு 1.0 அல்லது 1.1 மில்லிமீட்டர் ஊசி. வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் உருண்டைக் கம்பியின் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 1.1 மில்லிமீட்டர் ஊசி, 0.8 மில்லிமீட்டர் ஊசியைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு விறைப்பானது.

இனி, பெயருக்குக் காரணமான அந்த நீண்ட கை. ஊசி மேல்கையின் நுனியில் இருக்கிறது, கொக்கி கீழ்க்கையின் நுனியில். இரண்டு கைகளுக்கும் பின்னாலுள்ள தூண் ஒன்றுதான் ஆதாரம். சுவரிலிருந்து தூணில்லாமல் நீட்டிய பால்கனியைப் போல நுனியில் தாங்க எதுவும் கிடையாது. இப்படி நீட்டிய கையின் வளைவு நீளத்தின் மும்மடியாகக் கூடும். அதே வார்ப்பில் 18 அங்குலக் கையை 26 அங்குலமாக நீட்டினால், அதே விசைக்கு அது மூன்று மடங்கு வளையும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் குத்தும் அதிர்வுக்கு நடுவே, இரண்டடிக்கு அப்பாலுள்ள இரண்டு நுனிகள் காகிதத் தடிமன் இடைவெளியைக் காக்க வேண்டுமானால் கைகளைப் பருமனாக வார்க்க வேண்டும், துல்லியமாகக் கடைய வேண்டும். விலையில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது.

நீண்ட கை எதற்கு? துணி பின்னாலுள்ள உருளையில் சுற்றச் சுற்ற அந்தச் சுருள் பருத்து, கைகளுக்கு நடுவிலுள்ள இடத்தைத் தின்னும். 18 அங்குலக் கையில் ஒரு நேரத்தில் தைக்கக் கிடைப்பது 12, 13 அங்குலம் வரைதான். 26 அங்குலம் என்றால் பெரிய பூ வேலைப்பாட்டை நடுவில் நிறுத்தாமல் தைத்துவிடலாம். ஆனால் கை நீண்டால் தலை கனக்கும். கனமான தலையைத் தொடங்கவும் நிறுத்தவும் திருப்பவும் அதிக விசை வேண்டும். ஓரங்குல வட்டங்களை நெருக்கி நெருக்கித் தைக்க விரும்புபவரை அந்த நீளமே களைப்பாக்கிவிடும். பெரியதுதான் நல்லது என்ற விற்பனைப் பேச்சுக்கு இயற்பியல் ஒத்து ஊதுவதில்லை.

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் பார்க்கும் ஒரு விநோதம் உண்டு. வட்டம் போட்டால் மேலும் கீழும் இடமும் வலமும் தட்டையாகி, சதுரத்தின் சாயல் வந்துவிடும். தலை ஒரு வண்டியின் மேல் முன்பின்னாக ஓடுகிறது. அந்த வண்டி சட்டத்தின் மேல் இடவலமாக ஓடுகிறது. வட்டத்தின் உச்சியில் முன்பின் ஓட்டம் ஒரு கணம் நின்று திசை மாறும். பக்கங்களில் இடவல ஓட்டம் நின்று மாறும். நின்றுவிட்ட சக்கரத்தை மறுபடி கிளப்புவதற்கு, ஓடும் சக்கரத்தை ஓட்டுவதைவிட அதிக விசை வேண்டும். அந்த நான்கு தயக்கங்களும் துணியில் அப்படியே பதிவாகிவிடுகின்றன. தண்டவாளமும் சக்கரமும் எவ்வளவு நேர்த்தியோ, வட்டம் அவ்வளவு வட்டம்.

கையால் ஓட்டும்போது வேகம் ஏறி இறங்கும். அப்படியிருந்தும் தையல் எப்படி ஒரே அளவில் விழுகிறது? சக்கரங்களோடு பொருத்திய உணரிகள் இடவலமாக எவ்வளவு, முன்பின்னாக எவ்வளவு நகர்ந்தது என்று இடைவிடாமல் எண்ணுகின்றன. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் சாய்வாகப் போன தூரம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இங்கே வேலை செய்கிறது. தூரம் பத்தில் ஒரு அங்குலம் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஒரு தையல் விழும்படி மின்னணுச் சுற்று மோட்டாரை முடுக்கும், தணிக்கும். கை வினாடிக்கு 2 அங்குலம் ஓடினால் நிமிடத்துக்கு 1,200 தையல். 5 அங்குலம் ஓடினால் 3,000. பல மெஷின்களின் உச்ச வேகம் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கு மேல் கை பறந்தால் தையல் நீண்டுவிடும்.

இந்த ஒழுங்குபடுத்தும் கருவி இப்போது சில வீட்டு மெஷின்களிலும் வருகிறது. அதன் உணரி, கம்ப்யூட்டர் மௌஸைப் போல ஒளியால் துணியின் நகர்வைக் கவனிக்கும். ஆக, சீரான தையல் மட்டும்தான் வேண்டும் என்றால் அறை நிறையச் சட்டம் தேவையில்லை.

நல்ல குவில்டுக்குப் பெரிய மெஷின் வேண்டும் என்ற நினைப்பையும் ஒரு நிகழ்ச்சி உடைத்திருக்கிறது. கென்டக்கி மாநிலத்தின் படூகா நகரில் அமெரிக்கக் குவில்டர்கள் சங்கம் நடத்தும் போட்டியில், 1989-ல் கேரில் பிரையர் ஃபாலர்ட் 'கொரோனா 2: சூரிய கிரகணம்' என்ற குவில்டுக்குத் தலைசிறந்த பரிசைப் பெற்றார். மெஷினில் குவில்ட் தையல் போட்ட படைப்பு ஒன்று அந்தப் பரிசை வென்றது அதுவே முதல் முறை. அவர் தைத்தது சட்டத்தில் ஓடும் லாங்ஆர்மில் அல்ல, மேசையில் வைத்துத் தைக்கும் மெஷினில்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம். சொந்த லாங்ஆர்ம் வைத்திருப்பவர்கள் பிறருடைய குவில்டுகளைக் கூலிக்குத் தைத்துத் தருகிறார்கள். பரவலான எளிய வடிவத்துக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 2 சென்ட் என்று வைத்தால், நமது 9,000 சதுர அங்குலக் குவில்டுக்கு 180 டாலர். 20,000 டாலர் மெஷின் 111 குவில்டுகளுக்கான கூலிக்குச் சமம். ஆண்டுக்கு 3 தைப்பவருக்கு முதல் திரும்ப 37 ஆண்டுகள். 10 தைப்பவருக்கு 11 ஆண்டுகள். கூலிக்குத் தைத்துக் கடனை அடைக்கலாம் என்று நினைப்பவர் இதையும் யோசிக்க வேண்டும்: ஆண்டுக்கு 100 என்றால் வாரத்துக்கு இரண்டு. பிறர் விருப்பப்படி, பிறர் கேட்கும் தேதிக்குள். அது முழுத் தொழில். அதை விரும்பி ஏற்பவருக்கு மெஷின் சோறு போடும். பொழுதுபோக்காகத் தைத்து மகிழ்ந்தவருக்கு அந்த மகிழ்ச்சியே போய்விடவும் கூடும்.

அமெரிக்காவில் பல கடைகள் ஒரு பயிற்சி வகுப்பை முடித்தவர்களுக்கு லாங்ஆர்மை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகின்றன. யார் எவ்வளவு ஆசைப்பட்டாலும் முதலில் அங்கே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போகும்போது நான்கு சோதனைகளைச் செய்து பாருங்கள். ஓரங்குல வட்டம் ஒன்றும் ஆறங்குல வட்டம் ஒன்றும் போட்டால் தண்டவாளத்தின் தரம் தெரியும், அந்த எடை உங்கள் தோளுக்கு ஒத்துவருமா என்பதும் தெரியும். நான்கு திசையிலும் ஓட்டிவிட்டுத் துணியைத் திருப்பிப் பின்பக்கத் தையலைப் பார்த்தால் கொக்கியும் ஊசியும் ஒத்துப்போகின்றனவா என்பது புரியும். பல தையல்கள் கூடித் தடித்த இடத்தின் மேல் ஓட்டினால் ஊசியின் விறைப்புக்கும் கையின் விறைப்புக்கும் பரீட்சை. வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓட்டினால் உணரிகளின் சாமர்த்தியம் வெளிப்படும். கூடவே, பழுது பார்க்க யார் வருவார், எவ்வளவு தொலைவிலிருந்து வருவார் என்றும் கேட்டுவிடுங்கள். 0.1 மில்லிமீட்டர் இடைவெளி என்றைக்காவது விலகத்தான் செய்யும்.

கம்ப்யூட்டர் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அது பூட்டிய மெஷினில் இரண்டு மோட்டார்கள் தலையை ஓட்டி, சேமித்த வடிவத்தைப் பிசகாமல் வரையும். தைப்பவர் காவல் நிற்பார். கூலிக்குத் தைப்பவருக்கு அது இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டதற்குச் சமம். கையால் வரைவதில்தான் சுகம் என்பவர் அந்த ஆயிரங்களை மிச்சப்படுத்தலாம்.

துண்டுகளை இணைப்பதில்தான் உங்கள் ஆசை என்றால், மேல்பகுதியைத் தைத்துவிட்டு மற்றதைக் கூலிக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. தைத்து முடித்த மேல்பகுதிகள் அலமாரியில் குவிந்து, மூன்றடுக்கைத் தைப்பதற்கு உடம்பு மட்டுமே தடையாக இருந்தால், லாங்ஆர்ம் அந்தத் தடையை உண்மையாகவே நீக்கும். வாடகை நேரம் முடிந்ததும் அடுத்த முறை எப்போது வரலாம் என்று நாள்காட்டியைப் பார்ப்பவர் தாராளமாக வாங்கலாம். அவருக்கும்கூட அறைக்கும் தோளுக்கும் பொருந்தும் கை நீளமே போதும். அதற்கு மேல் ஓர் அங்குலத்துக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.