பக்கத்துக்கு ஆறு பாட்டு

பி.காம். படித்தவனுக்குப் பாட்டைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்காதீர்கள். இருக்கிறது ஸார்! 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி' ஞாபகமிருக்கிறதா? முதல் அல்வாத் துண்டு தருகிற சுகத்தை ஐந்தாவது துண்டு தராது. இதற்கு விதிவிலக்கு என்று கஞ்சனையும் குடிகாரனையும் சொன்ன கையோடு பாட்டையும் சேர்த்துச் சொல்வார்கள். நல்ல கூட்டணி!

பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963-ல். எங்கள் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்ததும் அதே வருஷம்தான். வானொலி போடுவதை நாம் கேட்க வேண்டும்; கேசட்டோ நாம் கேட்பதைப் போடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு ரெக்கார்டிங் கடை. காலி கேசட்டோடு பாட்டு லிஸ்ட்டையும் கொடுக்க வேண்டும். 60 நிமிஷ கேசட், பக்கத்துக்கு 30 நிமிஷம். ஐந்து நிமிஷப் பாட்டென்றால் ஆறு. ஆக மொத்தம் பன்னிரண்டே பாட்டு! 'மின்சார கனவு' உள்ளே வரணுமென்றால் 'மௌன ராகம்' வெளியே போகணும். ராத்திரி பூரா யோசனைதான்.

லிஸ்ட்டைப் பார்த்துக் கடைக்கார அண்ணாச்சி சொல்வார்: "ஏ தம்பி, பூரா சோகமால்லா இருக்கு! நடுவுல ரெண்டு ஜாலிப் பாட்டு எழுதுடே. வீட்ல நாலு பேரு கேப்பாங்கல்லா?"

பிறகு எம்.பி.3 சி.டி. வந்தது. 700 எம்.பி.யில் சுமார் 150 பாட்டு. இப்போது செல்போனில் லட்சக்கணக்கில். ஆபீஸ் பஸ்ஸில் ஹெட்போனை மாட்டுகிறோம். முதல் சரணம் முடிவதற்குள் கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குத் தாவி விடுகிறது.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி சந்திப்பு, வண்ணாரப்பேட்டை, கொக்கிரகுளம் என்று ஊருக்குள் நுழைந்தது. எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியையும் விடவில்லை. 46 கேசட்டுகள், பூரா சேறு. பாட்டுகள் செல்போனில் கிடைத்துவிட்டன. அட்டையில் எழுதியிருந்த மைதான் கரைந்து போயிருந்தது. பாதி அட்டைகள் என் பெரியண்ணன் கையெழுத்து. அவன் 2011-ல் தவறிவிட்டான். எதற்குப் பிறகு எதை வைத்தான் என்று இனி யாரிடம் கேட்பது?

அம்மாதான் சொன்னாள். வாழ்நாளில் ஒரு பாட்டு வாய்விட்டுப் பாடாதவள். "இது முடிஞ்சதும் அந்த எஸ்.பி.பி. பாட்டுல்லா வரும். அது வரும்போதுதான் உலை கொதிக்கும்" என்றாள். அடுப்படியில் நின்றபடி வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறாள்! பன்னிரண்டில் ஒன்பது பாட்டை வரிசையாகச் சொல்லிவிட்டாள். மீதி மூன்றுக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் ஒரு காரியம் செய்யுங்கள். பன்னிரண்டே பாட்டு, ஒரு தாளில் எழுதுங்கள். சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி போடுங்கள். பிற்காலத்தில் யாராவது ஞாபகம் வைத்துச் சொல்வார்கள்.