வேலையிழந்தவனுக்கு உதவி: சலுகையா, உரிமையா?

ஆலை மூடப்படுவதற்கும் ஆட்குறைப்பு நேர்வதற்கும் தொழிலாளி காரணனல்லன். சரக்கு விலைபோகாவிட்டாலும், புதிய யந்திரம் வந்தாலும், முதலாளி கடன்பட்டாலும், முதலில் கூலியை இழப்பவன் அவனே. அவனுக்கு வேறு வேலை கிடைக்கும் வரையில் கைகொடுக்கும் பொறுப்பு சர்க்காருக்கு உண்டா? உண்டென்று நமது அரசியல் சாஸனத்தின் 41-வது ஷரத்து கூறுகிறது. வேலையின்மைக் காலத்தில் பொது உதவி பெறுவதற்கு, ராஜ்யம் தன் சக்திக்கு இயன்ற அளவில் வகை செய்ய வேண்டுமென்பது அதன் கருத்து.

எனினும் 1948-ம் வருஷத்துத் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம் நோய், பிரசவம், அங்கஹீனம், மரணம் ஆகியவற்றை நினைத்தது, வேலையின்மையை மறந்தது. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இன்ஷூரன்ஸ் பலன்களின் வரிசையில் அதற்கு இடமளிக்கவில்லை.

இக்குறையை ஒருவாறு தீர்க்க, ஈ. எஸ். ஐ. கார்ப்பொரேஷன் 2018 ஜூலையில் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா'வை இரண்டு வருஷச் சோதனையாகத் தொடங்கிற்று. சராசரிக் கூலியில் நூற்றுக்கு 25 பங்கு, 90 நாட்களுக்கு, ஆயுளில் ஒரே தடவை என்பது ஏற்பாடு. 2020-ல் கொள்ளை நோயால் தொழில்கள் முடங்கவே, 25 பங்கை 50 ஆக்கினர். மனுச் செய்யக் காத்திருக்கும் நாட்களையும் 90-லிருந்து 30 ஆகக் குறைத்தனர். பின்னர் கெடு முடியுந்தோறும் நீட்டிப்பு உத்தரவு பிறந்தது. நீட்டித்தது நன்றே. ஆனால், கெடு வைத்துக் கொடுப்பது சலுகை; சட்டத்தில் எழுதிக் கொடுப்பதே உரிமை.

உதவி கொடுத்தால் சோம்பல் வளருமென்று சிலர் ஆட்சேபிக்கின்றனர். மாதம் 18,000 ரூபாய் பெற்றவனுக்கு 9,000 ரூபாய் மூன்று மாதம் கிடைக்கிறது. வீட்டு வாடகையும் அரிசிக் கடனும் போக, சோம்பியிருக்க அதில் என்ன மிஞ்சும்? மேலும், சந்தா செலுத்தியவனுக்கே உதவி. துர்நடத்தைக்காக நீக்கப்பட்டவனுக்கும் தானாக ஓய்வு பெற்றவனுக்கும் இல்லை. இது பிச்சையன்று, இன்ஷூரன்ஸ்.

பணத்துக்கு எங்கே போவது என்பர் வேறு சிலர். 2019 ஜூலையில் சந்தா விகிதத்தை நூற்றுக்கு 6.5-லிருந்து 4 ஆகக் குறைத்தது சர்க்காரே. முதலாளியின் பங்கு 4.75-லிருந்து 3.25 ஆயிற்று. விட்டுக்கொடுத்ததில் ஒரு சிறு பகுதியைத் திரும்பப் பெறுவது பெரும் பாரமாகாது.

பிரிட்டன் 1911-லும் அமெரிக்கா 1935-லும் வேலையின்மை இன்ஷூரன்ஸைச் சட்டமாக்கின. 1952-ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வகுத்த ஒப்பந்தம், பழைய கூலியில் 45 பங்கு, 12 மாத காலத்தில் 13 வாரம் என்று குறைந்தபட்ச அளவு விதித்தது. நமது 50 பங்கு அதற்குக் குறைந்ததன்று; 90 நாட்களும் 13 வாரத்துக்கு ஒரு நாளே குறைவு. ஆனால் அங்கே 12 மாதத்துக்குச் சொன்னதை இங்கே ஆயுள் முழுவதற்கும் சொல்கிறோம். முப்பது வயதில் ஒரு முறை வேலையிழந்தவன், ஐம்பதில் மறுமுறை இழந்தால் யாரிடம் போவான்?

ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன் அனுமதி பெற வேண்டிய தொழிற்சாலைகளின் வரம்பை, 2020-ம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்திற்று. நீக்குவதை எளிதாக்கிய பார்லிமெண்டுக்கு, நீக்கப்பட்டவனைக் காக்கும் கடமையும் உண்டு. வேலையின்மை உதவியைச் சட்டப் பலன்களில் ஒன்றாகச் சேர்த்து, புதிதாகச் சந்தா செலுத்தித் தகுதி பெறுந்தோறும் அதனை அளிக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த நீட்டிப்பைக் கேட்டு மனுப்போடுவதை நிறுத்தி, இச்சட்டத் திருத்தத்தைக் கேட்டுக் கிளர்ச்சி செய்வார்களாக.