ஐந்நூறு முழமா, ஐந்நூறு கோலா?

சித்தி போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார். “ஏல, செவலைக் கிடாரி எருசலேமுக்கு வந்துட்டாம்லா. இனி ஆலயத்தக் கட்டிருவாங்க. இயேசுவோட வருகை வாசல்ல நிக்கி.”

யாரோ அனுப்பிய வீடியோ. 2022 செப்டம்பரில் டெக்சாஸிலிருந்து ஐந்து செவலைக் கிடாரிகளை விமானத்தில் இஸ்ரேலுக்குக் கொண்டுபோனது உண்மைதான். ஆலயத்துக்குள் போகுமுன் எண்ணாகமம் 19 சொல்லும் சுத்திகரிப்புக்கு அப்படியொரு கிடாரியின் சாம்பல் வேண்டும். “டீ ஆறுது, உக்காருங்க சித்தி. கிடாரி கிடக்கட்டும், எசேக்கியேலை எடுங்க” என்றேன்.

வரப்போகும் ஆலயத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் எசேக்கியேல் 40 முதல் 48 வரைக்கும் வந்துதான் ஆகவேண்டும். எசேக்கியேல் ஆசாரியக் குடும்பத்துக்காரர். கி.மு. 597-ல் பாபிலோனுக்குச் சிறைபோனவர். கி.மு. 586-ல் எருசலேம் ஆலயம் எரிந்தது. அது நடந்து பதினாலாம் வருஷம் அவருக்கு ஒரு தரிசனம்: வெண்கலம் போன்ற தோற்றத்தில் ஒருவர், கையில் சணல் கயிறும் அளவுகோலும். கோலின் நீளம் ஆறு முழம். அதுவும் வழக்கமான முழம் இல்லை, நாலு விரற்கடை கூடுதலான முழம். நம் கணக்கில் கோல் பத்தடிக்குக் கொஞ்சம் மேலே வரும்.

பிறகு வாசல், படி, தூண், அறை என்று ஒன்று விடாமல் அளக்கிறார்கள். 46-ம் அதிகாரத்தில் மடைப்பள்ளிகூட இருக்கிறது. வெளிப்பிராகாரத்தின் நாலு மூலையிலும் நாற்பது முழத்துக்கு முப்பது முழம் முற்றம், சுற்றிலும் அடுப்பு. ஜனங்களின் பலியை அங்கேதான் வேகவைக்க வேண்டும்.

“இத்தன அளவு சொல்லிட்டு கட்டாமலா விடுவாரு?” என்றார் சித்தி. நியாயமான கேள்வி. வருங்காலத்தில் கல்லும் மரமுமாகவே ஆலயம் எழும்பும் என்று சொல்கிறவர்களின் பலமான வாதமும் இதுதான்.

ஆனால் அதே கோலைப் பிடித்துக்கொண்டே போனால் இடறும். சுற்றுமதில் ஒரு பக்கம் எவ்வளவு? எபிரெய மூலத்தில் ஐந்நூறு கோல். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ஐந்நூறு முழம். முழம் என்றால் பக்கத்துக்குச் சுமார் 260 மீட்டர், ஆலயம் நின்ற மோரியா மலையின் இன்றைய மேடையில் அடங்கிவிடும். கோல் என்றால் ஒன்றரைக் கிலோமீட்டர். மேடை மட்டுமல்ல, பழைய எருசலேம் நகரமே போதாது. கி.மு. 516 வாக்கில் செருபாபேல் காலத்தில் கட்டி முடித்த இரண்டாம் ஆலயம் இந்த வரைபடத்தின்படி எழும்பவில்லை. கி.பி. 70-ல் ரோமர்கள் அதையும் இடித்தார்கள்.

இன்னொரு சிக்கல், பலிக்கணக்கு. மோசேயின் சட்டப்படி அமாவாசைக்கு இரண்டு காளை, ஒரு ஆட்டுக்கடா, ஏழு ஆட்டுக்குட்டி. எசேக்கியேலில் ஒரு காளை, ஒரு கடா, ஆறு குட்டி. இந்த முரண்பாடுகளால் யூத ரபிகள் புத்தகத்தையே ஒதுக்கிவைக்கப் பார்த்தார்களாம். அனனியா பென் எசேக்கியா என்ற ரபி மேல்மாடியில் உட்கார்ந்து, முந்நூறு ஜாடி எண்ணெய் எரித்து, எல்லாவற்றையும் பொருத்திக் காட்டினார் என்கிறது யூத மரபு நூலான தால்முத். முந்நூறு ஜாடி! நாம் ஒரு வாட்ஸ்அப் வீடியோவில் முடித்துவிடுகிறோம்.

யூதர்களுக்குள்ளும் ஒரே பேச்சு இல்லை. வரும் ஆலயம் வானத்திலிருந்து கட்டி முடிந்தே இறங்கும் என்றார் உரையாசிரியர் ராஷி. மேசியா ராஜா வந்து கட்டுவார் என்றார் யூத அறிஞர் மைமோனிடெஸ். இன்று மேடைமேல் பாறைக் குவிமாடமும் அல்-அக்சா பள்ளிவாசலும் இருக்கின்றன. யூதர்கள் அங்கே ஏறுவது தோராவின்படி தகாது என்று தலைமை ரபிமன்றமே பலகை வைத்திருக்கிறது.

கிறிஸ்தவர்களுக்கு முள் வேறிடத்தில் குத்துகிறது. எசேக்கியேலின் ஆலயத்தில் பாவநிவாரண பலி உண்டு. எபிரெயர் நிருபமோ கிறிஸ்து ஒரே தரம் பலியானதோடு அது முடிந்தது என்கிறது. அப்படியானால் மறுபடி காளை எதற்கு? 19-ம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் வகுத்த வழியில் 1909-ல் வெளிவந்த ஸ்கோபீல்டு வேதாகமம், அந்தப் பலிகள் சிலுவையை நினைவுகூரவே என்றது. ஆனால் வசனம் பாவநிவிர்த்திக்கு என்றே சொல்கிறதே என்று மற்றவர்கள் மடக்குகிறார்கள். அவர்களுக்குக் கிறிஸ்துவும் சபையும்தான் ஆலயம். வெளிப்படுத்தலில் யோவான் பார்த்த புதிய எருசலேமில் ஆலயமே கிடையாது.

என் சாய்வைக் கேட்டால், நான் 43-ம் அதிகாரத்தில் நிற்பேன். ஜனங்கள் தங்கள் அக்கிரமங்களுக்காக வெட்கப்படும்படி இந்த வீட்டைக் காட்டு என்று அங்கே கட்டளை. கேட்டவர்கள் ஆலயத்தைப் பறிகொடுத்துப் பாபிலோனில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும் என்று யோசிக்காமல் காலண்டரைப் புரட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

“அப்போ ஆறு?” என்றார் சித்தி. 47-க்கு வந்துவிட்டார். ஆலய வாசற்படியின் கீழிருந்து தண்ணீர் கிழக்கே ஓடுகிறது. ஆயிரம் முழத்தில் கணுக்கால், அடுத்த ஆயிரத்தில் முழங்கால், அடுத்து இடுப்பு, அப்புறம் நீந்தித்தான் போகவேண்டும். சவக்கடல் இனித்து, எங்கேதியில் வலை காய்கிறது. மதிலை முழக்கணக்கில் அப்படியே எடுத்துக்கொண்டு ஆற்றை மட்டும் உவமை என்றால், எங்கே கோடு கிழித்தோம் என்று சொல்லவேண்டும். ஆற்றையும் அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கணக்காவது நேராக நிற்கிறது.

“கிடாரி எங்கல இருக்கு?”

“இந்த ஒன்பது அதிகாரத்துல கிடாரியே இல்ல, சித்தி.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு 47-ம் அதிகாரம் 11-ம் வசனத்தில் விரலை வைத்தார். சேற்று நிலமும் உளையும் மட்டும் இனிப்பாகாமல் உப்புக்கென்று விடப்படும் என்று இருக்கிறது. சித்தியின் அப்பா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

“கடலையே இனிப்பாக்குறவரு, உப்புக்குன்னு கொஞ்சம் விட்டு வச்சிருக்காரு பாத்தியா” என்றவர், தம்ளரை நீட்டினார். டீ ஆறித்தான் போயிருந்தது.