இடுப்பில் போட்ட ஊசியும் இரண்டு நாள் வலியும்

"அம்மா, எனக்கு இந்த ஊசியே வேண்டாம். நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

முதல் ஊசி போட்டு வந்த மறுநாள் எங்கள் பெரியவன் இப்படிச் சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டான். 16 வயது. கூடப் படிக்கிற பையன்களுக்கெல்லாம் மீசை அரும்பி, குரல் உடைந்துவிட்டது. இவன் மட்டும் சின்னப் பிள்ளையாகவே இருந்தான். வகுப்பில் என்னென்ன சொல்லிக் கேலி செய்தார்கள் என்று இன்றுவரை முழுசாகச் சொன்னதில்லை. ரத்தப் பரிசோதனை, கை எலும்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்த ஹார்மோன் டாக்டரம்மா, "பயப்பட ஒன்றுமில்லை. பருவம் வருவது தாமதமாகிறது, அவ்வளவுதான். மாதம் ஒரு டெஸ்டோஸ்டீரோன் ஊசி, சில மாதம் போட்டுப் பார்ப்போம்" என்றார்.

அவ்வளவு தூரம் வந்துவிட்டு, வலிக்குப் பயந்து பிள்ளை நின்றுவிடுவானோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. (அவன் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் போடக்கூடாதாம்!)

பாதி வலிக்குக் காரணம் நானேதான் என்று பிறகு தெரிந்தது. கடையில் வாங்கிய மருந்தை, இன்சுலின் மாதிரி இருக்கும் என்று நினைத்து, பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை எடுத்துக்கொண்டு நேரே ஊசி போடப் போனோம். அந்த மருந்து தண்ணீரில் கரைத்தது இல்லை, எண்ணெயில் கரைத்தது. மருந்துக்குத் தகுந்தபடி நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் என்று எல்லாம் நம் வீட்டுச் சரக்குதான். சதைக்குள் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலப்பதற்காகத்தான் எண்ணெய். குளிர்ந்த எண்ணெய் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டுமா? கெட்டியாகி, ஊசி வழியே இறங்க அடம் பிடிக்கும். குளிரில் மருந்து பொடிப்பொடியாகப் படிந்துவிடுவதும் உண்டு. வெயில் படாமல் அலமாரியில் வைத்தாலே போதும். கடலை ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால், அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் மாதம் டாக்டரம்மாவிடம் அழாக்குறையாக முறையிட்டேன். அவர் ஒரு மூத்த நர்ஸைக் கூப்பிட்டுப் போடச் சொன்னார். அந்த அம்மாள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மருந்தைச் சில நிமிடம் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டார். (கொதிக்கிற தண்ணீரில் போடுகிற வேலையெல்லாம் வேண்டாம்.) மருந்தை உறிஞ்சிய பிறகு வேறு புது ஊசி மாற்றினார். தடவிய ஸ்பிரிட் காய்கிறவரை பொறுத்தார். ஈரத்தோடு குத்தினால் அதுவே சுரீர் என்று எரியுமாம். "குப்புறப் படுத்து, ரெண்டு கால் கட்டைவிரலும் ஒண்ணையொண்ணு பார்க்கிற மாதிரி பாதத்தைத் திருப்பிக்கோ தம்பி" என்றார். அப்படிச் செய்தால் இடுப்புச் சதை தானே தளர்ந்துவிடுகிறது! உடம்பை விறைத்துக்கொண்டால்தான் வலி. குத்துவதைச் சட்டென்று முடித்து, மருந்தை மட்டும் மெதுவாக, 1 மில்லிக்குப் பத்து விநாடி என்ற கணக்கில் செலுத்தினார். பிறகு ஒரு பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுத்தார். இந்தத் தடவை வலது பக்கம் போட்டால் அடுத்த தடவை இடது பக்கம் என்று குறித்தும் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் என் மாமியார் தைலத்தோடு தயாராக நிற்கிறார். முதல் மாதம் அவர் அழுத்தித் தேய்த்த தேய்ப்பில்தான் பிள்ளை அலறினான்! பாசம்தான், என்ன செய்வது? நர்ஸம்மா தேய்க்கவே கூடாது என்று சொன்னதை மெதுவாக எடுத்துச் சொன்னேன். பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெந்நீர் ஒத்தடம், அதுவும் பொறுக்கும் சூட்டில். படுத்தே கிடக்காமல் தெருக்கோடி வரை நடக்கவிட்டேன். வலி அதிகமானால் டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். அந்த மாதம் இரண்டாம் நாளே சைக்கிளை எடுத்துவிட்டான்.

கணவருக்கு இந்த ஹார்மோன் குறைந்து ஊசி போட்டுக்கொள்ளும் வீடுகளும் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். அவர்களில் சிலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 4 மில்லி போடுவார்கள். அதைச் செலுத்தவே இரண்டு நிமிடம் எடுக்கும். போட்டவுடன் இருமல், மூச்சுத் திணறல் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். உடம்பு ஏற்றுவதற்காக, டாக்டரைக் கேட்காமல் ஜிம்மில் யாரோ கொடுக்கும் ஊசியைப் போட்டுக்கொள்ளும் பையன்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. அது வேறு கதை.

இரண்டு மூன்று நாள் வலியும் லேசான தடிப்பும் சகஜம். அதற்கு மேலும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, இடம் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ ஒத்தடத்தை நம்பி உட்காரக்கூடாது. குத்தும்போதே காலுக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் உடனே சொல்லிவிடும்படி பிள்ளையிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாலாவது ஊசிக்கு நான் கூடப் போகவில்லை. மருந்துப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இங்கேயே சூடாகிடும்மா" என்று சொல்லிவிட்டு அவனே பஸ் ஏறிப் போய்விட்டான்.