டிக்கெட் வேறு, அனுமதி வேறு

சனிக்கிழமை காலைகளில் ஆந்திர எல்லையிலுள்ள தடா சந்திப்பில் நின்று பாருங்கள். ஸ்ரீ சிட்டி ஆலைகளில் நைட் ஷிப்ட் முடித்த இளைஞர்களும், சென்னையிலிருந்து பைக்கிலும் வேனிலும் வந்து இறங்குகிறவர்களும் டீக்கடைகளில் கலந்து நிற்பார்கள். முதுகில் சுருட்டிய டென்ட், கையில் தண்ணீர் கேன், கோழி வாட்டக் கரி மூட்டை. எங்கே தங்கப் போகிறீர்கள் என்றால் உப்பலமடுகு அருவிக்கு மேலே, நாகலாபுரம் மலையில், பழவேற்காடு ஏரிக்கரையில் என்று பதில் வரும். அனுமதி இருக்கிறதா என்றால் செல்பேசியை நீட்டுகிறார்கள். அதில் இருப்பது ‘ஆர்கனைசருக்கு’ ஜிபே செய்த ரசீது. பணம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத் தவிர அந்த ரசீது எதையும் நிரூபிக்காது.

சிலர் கூடுதல் தைரியத்தோடு வனத்துறை நுழைவுச் சீட்டைக் காட்டுகிறார்கள். அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கான சீட்டு. இரவு தங்கவோ, டென்ட் அடிக்கவோ, அடுப்பு மூட்டவோ அதில் ஒரு வரி கிடையாது. இதைச் சொன்னால் “எல்லாரும் போறாங்களே சார்” என்கிறார்கள். எல்லாரும் போகிறார்கள் என்பது வழக்கு வரும்போது வாதமாகாது.

குரங்கணி இதற்குப் போதுமான பாடம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில் பற்றிய காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். டாப் ஸ்டேஷன் பாதைக்குச் சீட்டு வாங்கியவர்கள் அனுமதியில்லாத கொழுக்குமலைப் பாதையில் போனதாக வனத்துறை சொன்னது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகளே வந்தன. ஒரு பாதைக்கு வாங்கிய சீட்டு அடுத்த பாதைக்குச் செல்லாது என்பதை 23 உயிர் போயும் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

யார் இடம்?

டென்ட்டை விரிக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். உப்பலமடுகும் நாகலாபுரம் மலையும் காப்புக்காடு. ஆந்திர வனச் சட்டம் 1967-இன்படி, காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் ஏரி, பறவைகள் சரணாலயம். அங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 பாயும். மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏரியைத் தாண்டினால் ராக்கெட் ஏவுதளம். அந்தக் கடற்கரைப் பக்கம் டென்ட்டோ ட்ரோனோ கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையையே விட்டுவிடுங்கள்.

இந்த மலைகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இது செம்மரக் கடத்தல் தடுப்புப் படை நடமாடும் மாவட்டம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அது மோதலா படுகொலையா என்ற சர்ச்சை பெரிது. உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: இரவில், காட்டுக்குள், மூட்டையோடு, தமிழ் பேசியபடி நடக்கும் பத்துப் பேரைச் சந்தேகப்பட இங்கே அதிகாரிகளுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. அப்போது கையில் அனுமதிக் கடிதம் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

கடிதம் எங்கே வாங்குவது?

உப்பலமடுகு, நாகலாபுரம் பக்கம் என்றால் சத்தியவேடு வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, திருப்பதியிலுள்ள மாவட்ட வன அலுவலருக்கு (டிஎஃப்ஓ) விண்ணப்பம் கொடுங்கள். ஏரிப் பக்கம் என்றால் சூளூர்பேட்டை வனவிலங்குக் கோட்ட அலுவலகம். தெலுங்கு தெரியாவிட்டால் ஆங்கிலத்தில் எழுதலாம். போகிறவர்களின் பெயர், வயது, முகவரி, ஆதார் நகல், வண்டி எண், போகும் பாதை, உள்ளே போகும் நேரம், திரும்பும் நேரம், வீட்டில் தொடர்புகொள்ள ஓர் எண் ஆகிய ஒன்பதும் விண்ணப்பத்தில் இருக்கட்டும். இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வாருங்கள். முத்திரை வாங்கியதால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பதில் கடிதம்தான் அனுமதி. பதில் வராவிட்டால் போகாதீர்கள்.

தனியார் மாந்தோப்பிலோ பண்ணையிலோ தங்கினால், பட்டாதாரர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்கி, அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் தகவல் சொல்லிவிடுங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் திருப்பதி மாவட்டத்திலேயே தலக்கோனாவுக்குப் போகலாம்; முறையான தங்கும் இடம் உண்டு. பகல் நடை போதும் என்றால் தமிழ்நாடு வனத்துறை 2024-இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ பாதைகளில் திருவள்ளூர் குடியம் குகைப் பாதையும் இருக்கிறது. வழிகாட்டியோடு போய் வரலாம்.

வனக்காவலர் பிடித்தால் வாக்குவாதம் வேண்டாம். இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டு. கட்டினால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் கொடுக்கும் பணம் வழக்கை முடிக்காது.

கேரவன் எடுக்கிறீர்களா?

டிராவலர் வேனில் இரண்டு படுக்கையும் ஒரு கேஸ் அடுப்பும் வைத்து ‘கேரவன்’ என்று வாடகைக்கு விடுகிறார்கள். முன்பணம் தருவதற்கு முன் ஆர்சி புத்தகத்தில் வாகன வகையைப் பாருங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினாலே தெரியும். கேம்பர் வேன் என்று இல்லாமல் வெறும் வேன் என்று இருந்தால், உள்ளே செய்த மாற்றம் ஆர்டிஓவுக்குத் தெரியாமல் செய்தது என்று பொருள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம். அபராதம் அவருக்கு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது நீங்கள். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தாலும் இதே கதைதான்.

மூடிய இடத்தில் நெருப்பு வேண்டாம்

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசியில் தூங்கியவர்கள். அதன் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்தது. அதே ஆண்டு கொடைக்கானலில், அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கிய இருவரும் எழவில்லை. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவருக்கு மூச்சு முட்டி விழிப்பு வரும் என்று நம்பாதீர்கள், வராது. கரி ‘அணைந்துவிட்டது’ என்று டென்ட்டுக்குள் இழுத்து வைக்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்: டென்ட்டுக்குள் கரி கூடாது. வேனுக்குள்ளோ வேனை ஒட்டியோ ஜெனரேட்டர் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஓடைப் படுகையிலும் அருவிக் குட்டையோரத்திலும் டென்ட் அடிக்கவே கூடாது. மழை மலை உச்சியில் பெய்யும். கீழே வானம் தெளிவாக இருக்கும்போதே தண்ணீர் வந்துவிடும்.

அசம்பாவிதம் நடந்தால்

112 அல்லது 108-ஐ அழையுங்கள். இரு மாநிலத்திலும் செல்லும். காணாமல் போனவர் பற்றிச் சென்னையில் புகார் கொடுத்தால் “அது ஆந்திரா எல்லை, அங்கே போங்க” என்று திருப்பி அனுப்புகிறார்கள். அப்படி அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பிஎன்எஸ்எஸ் (குற்றவியல் நடைமுறைச்) சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும். மறுத்தால் அதே தகவலை எஸ்பிக்கோ ஆணையருக்கோ தபாலில் அனுப்புங்கள்.

இறப்பு நடந்தால் குடும்பங்கள் அதிகம் அலைவது ஒரு சான்றிதழுக்குத்தான். இறப்புச் சான்றிதழ் சென்னை மாநகராட்சியில் கிடைக்காது. இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர்ப் பதிவாளர்தான் தருவார். 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழ் மட்டும் இறந்தவர் குடியிருந்த தாலுகாவின் தாசில்தாரிடம். எஃப்ஐஆர், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றின் நகலையும் ஊர் திரும்பும் முன்பே கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். அவை தெலுங்கில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். இவை இல்லாமல் இன்சூரன்ஸ் நகராது.

ஆர்கனைசர் ஏமாற்றினாலோ அலட்சியத்தால் காயம்பட்டாலோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்கள் பக்கம். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். திருப்பதிக்கு ஓட வேண்டாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக் கெடு. உதவி எண் 1915. “எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல” என்று உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்படாதீர்கள். அலட்சியத்தை அந்தத் தாள் மூடாது.

வனத்துறைக்கும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை காலையில் நுழைவுச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறவர்கள், மாலையில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பாதி விபத்து நிற்கும். வருகிறவர்களில் பலர் தமிழர்கள். எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் எழுதினால் செலவு ஒரு டப்பா பெயின்ட். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதிகாரி கையெழுத்திட்ட கடிதம் கையில் இல்லையென்றால், பகலில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்புங்கள்.